பல்வலி: எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே கிளம்ப வேண்டும்

பல்வலி வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். வலி கூடினால் நோய் கூடிவிட்டது, வலி குறைந்தால் நோய் குறைந்துவிட்டது என்று. பல் விஷயத்தில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். ஐஸ் தண்ணீர் பட்டதும் சுரீரென்று உயிர் போகக் கூசுகிற பல்லை ஒரு சின்ன அடைப்பிலேயே (ஃபில்லிங்) காப்பாற்றிவிடலாம். மூன்று ராத்திரி தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறித்துவிட்டு நாலாம் நாள் தானாக அடங்கிய பல்லோ உள்ளே செத்துப்போயிருக்கும். அடுத்த வாரம் கன்னம் வீங்கும். ஆகவே எவ்வளவு வலிக்கிறது என்பதோடு நிற்காமல், எப்போது வருகிறது, எதனால் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

எந்தப் பல் என்று தேடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதல் இரண்டு நிமிடம்: கண்ணாடி, விரல், தெர்மாமீட்டர்

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நில்லுங்கள். வாயை முடிந்தவரை திறந்து, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துங்கள். சாதாரணமாக மூன்று விரல் நுழையும். இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால், வீக்கம் தாடையை அசைக்கும் தசை வரை போய்விட்டது என்று பொருள். ஞானப்பல் முளைக்கும்போது ஈறு வீங்குவதாலும் வாய் திறக்காமல் போகும். அதற்கும் காத்திருக்கக் கூடாது.

அடுத்து நாக்கை மேலே தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே உப்பிக்கொண்டு நாக்கை மேலே தள்ளுகிறதா? மோவாய்க்குக் கீழே விரலால் அழுத்தினால் பலகை போலக் கெட்டியாக இருக்கிறதா? ஒரு மிடறு தண்ணீர் விழுங்க முடிகிறதா, இல்லை எச்சில் வழிகிறதா? வாய்க்குள் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறியிருக்கிறதா? மேல் பல் வலியானால், கன்ன வீக்கம் கீழ் இமை வரை ஏறிக் கண்ணை மூடுகிறதா, பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறதா? கடைசியாகக் காய்ச்சல்: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், குளிர்நடுக்கத்தோடு இருக்கிறதா?

விழுங்க முடியாமை, மூச்சு இழுக்கச் சிரமம், நாக்கடி வீக்கம், மோவாய்க்குக் கீழே கெட்டியான வீக்கம், குரல் மாற்றம், கண்ணைத் தொடும் வீக்கம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தெருமுனைப் பல் கிளினிக்குக்குப் போக வேண்டாம். அவசரப் பிரிவும் மயக்க மருந்து மருத்துவரும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் அப்போதே. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. போகும் வழியில் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வையுங்கள்.

இவ்வளவு பதற்றம் எதற்கு என்றால், கீழ்த்தாடையின் இரண்டாம், மூன்றாம் கடைவாய்ப்பற்களின் வேர்நுனி, வாயின் தரையாக இருக்கும் தசை எலும்பில் ஒட்டும் கோட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே உண்டாகும் சீழ் வாய்க்குள் உடைந்து வெளியேறாமல் நேரே கழுத்துக்குள் இறங்கும். இரண்டு பக்கமும் வீங்கி நாக்கைப் பின்னால் தள்ளினால் மூச்சுப் பாதை அடைபடும். இந்த நோயை ஜெர்மன் மருத்துவர் லுட்விக் 1836-லேயே விவரித்து எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். காலையில் லேசான வீக்கமாக இருந்தது சாயங்காலத்துக்குள் மூச்சுத் திணறலாகிவிடும்.

வலி எப்படி நடந்துகொள்கிறது

மேற்சொன்ன எதுவும் இல்லையென்றால் நிதானமாகப் பார்க்கலாம். பல்லின் வெளியே எனாமல், அதற்குள் டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் கலந்த கூழ். உடம்பில் வேறெங்கு புண் வந்தாலும் சதை வீங்குவதற்கு இடம் உண்டு. பல்லுக்குள் இருக்கும் கூழுக்கு அந்த வசதி கிடையாது. நாலு பக்கமும் கல்சுவர். வீக்கம் முழுதும் அழுத்தமாகி நரம்பை நெரிக்கும். படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. பல்வலி ராத்திரியில் பெரிதாவது இதனால்தான்.

ஒரு வாய்ச் சில்லென்ற தண்ணீரைச் சந்தேகப் பல்லின் மேல் வைத்துத் துப்பிவிட்டு மனதுக்குள் எண்ணுங்கள். பத்து எண்ணுவதற்குள் கூச்சம் போய்விட்டால் கூழ் இன்னும் பிழைக்கும் நிலையில் இருக்கிறது. சொத்தை, தேய்ந்த பல், இறங்கிய ஈறு, விழுந்துபோன பழைய அடைப்பு என்று ஏதோ ஒன்று காரணமாக இருக்கும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் காட்டினால் போதும். ஆனால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள். அடைப்பு வேலை வேர் சிகிச்சையாக (ரூட் கெனால்) மாறும் எல்லை இதுதான்.

துப்பிய பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நீடித்தால் கூழ் திரும்பி வராத கட்டத்துக்குப் போய்விட்டது. சும்மா இருக்கும்போதே தானாக வலி கிளம்புவது, தூக்கத்திலிருந்து எழுப்புவது, காபி பட்டால் தெறித்துத் தண்ணீர் பட்டால் அடங்குவது எல்லாம் அதே கட்டம். பாட்டிலில் ஐஸ் தண்ணீரோடு வந்து நிமிடத்துக்கொரு மிடறு வாயில் வைத்துக்கொள்பவரைப் பார்த்தாலே பல் மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். இதற்கு அன்றோ மறுநாளோ போக வேண்டும். இந்தக் கட்டத்தில் எந்தப் பல் என்றே பலருக்குத் தெரியாது. மேல் பல் வலி கீழ்ப் பல்லில் தெரியும், காதில் தெரியும். நோயாளி ‘இதுதான்’ என்று காட்டும் பல்லை மருத்துவர் உடனே பிடுங்கவில்லை என்றால் கோபப்படாதீர்கள். அவர் சோதித்துப் பார்ப்பது நல்லதுக்கே.

கடித்தால் மட்டும் வலி, ‘இந்தப் பல் மட்டும் உயரமாக இருக்கிற மாதிரி’ என்ற உணர்வு, ஸ்பூன் காம்பால் லேசாகத் தட்டினால் பக்கத்துப் பல்லைவிட அதிகமாக வலிப்பது: நோய் வேர்நுனி தாண்டி எலும்புக்கு வந்துவிட்டது. ஒன்றிரண்டு நாளுக்குள் போக வேண்டும். கூடவே ஈறு வீங்கினாலோ கன்னம் உப்பினாலோ அன்றைக்கே. கடிக்கும்போது இல்லாமல், கடித்ததை விடும்போது சுள்ளென்று வலித்தால் பல்லில் விரிசலாக இருக்கலாம். சீடை, எலும்பு என்று கடித்த பிறகு வருவது இது. எக்ஸ்ரேயில்கூடச் சில சமயம் தெரியாது. அந்தப் பக்கம் மெல்லாமல் இருந்து ஒரு வாரத்துக்குள் காட்டுங்கள்.

இனி, வலியே இல்லாத நிலை. முன்பு துடித்த பல்லுக்குப் பக்கத்து ஈறில் சின்னக் கொப்புளம் ஒன்று வந்து, உடைந்து, உப்புக் கரிப்பாக ஏதோ வடிந்து, மறுபடி வரும். சீழுக்கு வடிகால் கிடைத்துவிட்டதால் வலி இல்லை. வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறவர்கள் உண்டு. உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். வடிகால் என்றைக்கு அடைகிறதோ அன்றைக்கு வீங்கும்.

பல் மாதிரி வலித்து, பல்லாக இல்லாதவை

கீழ்த்தாடை வலி, நடந்தால் அல்லது மாடிப்படி ஏறினால் வந்து, உட்கார்ந்தால் குறைகிறதா? கூடவே நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கை வலி, மூச்சிரைப்பு இருக்கிறதா? அது இதயம். பல்லை மறந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி தெளிவாக இல்லாமல் தாடை வலி மட்டும் முன்னால் நிற்பதுண்டு.

சளி பிடித்த பிறகு மேல் கடைவாய்ப்பற்கள் நாலைந்து சேர்ந்து மந்தமாக வலித்து, குனிந்தால் கூடினால் அது சைனஸ். முகம் கழுவும்போதோ பல் தேய்க்கும்போதோ மின்சாரம் பாய்ந்தது போலச் சில விநாடி வெட்டிவிட்டு மறைந்தால் முக நரம்பு வலி. அதைப் பல்வலி என்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாக நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டும் வலி போகாதவர்கள் இருக்கிறார்கள். வெற்றிலை, புகையிலை போடுபவர்களுக்குக் காரணமில்லாமல் பல் ஆடினாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண் இருந்தாலோ, உதடு மரத்துப்போனாலோ பல்லைப் பிடுங்கி மட்டும் முடித்துக்கொள்ளக் கூடாது. சதைப் பரிசோதனை (பயாப்ஸி) தேவையா என்று கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும் வரை

ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். சொத்தைக் குழியில் சாப்பாடு சிக்கியிருந்தால் இதுவே பாதி வலியை எடுத்துவிடும். பல் இடுக்கு நூல் இருந்தால் மெதுவாக இழுத்து எடுங்கள். குண்டூசி, ஹேர்பின் வேண்டாம். கன்னம் வீங்கியிருந்தால் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தி எடுங்கள். தவிட்டு ஒத்தடம், சூடான வெந்நீர்ப் பை எதுவும் வெளியிலிருந்து கூடாது. தலையணையை ஒன்றுக்கு இரண்டாக வைத்துப் படுங்கள்.

மாத்திரை என்றால், வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மி.கி., சாப்பிட்ட பிறகு, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். கூடவே பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, நாளுக்கு நாலு வரை. இந்த இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்ந்து எடுத்தால் தனித்தனியாக எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, வலி மாத்திரைக்கு ஆஸ்துமா கிளம்பும் உடம்பு, இவற்றில் ஏதாவது இருந்தால் ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்கு என்று சந்தேகம் இருந்தாலும் அப்படியே. கல்லீரல் நோய் உள்ளவர்களும் தினம் குடிப்பவர்களும் பாராசிட்டமாலையும் கேட்காமல் போடக் கூடாது.

தப்பு நடப்பது பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில்தான். ‘பல்வலிக்கு ஒரு செட்’ என்று கேட்டால் கிடைக்கும் மாத்திரையில் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அதன் மேல் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலும் போனால் அளவு இரட்டிப்பாகும்; ஐபுப்ரோஃபெனும் போனால் ஒரே வகை மாத்திரை இரண்டு போட்டதாகும். அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் கீட்டோரோலாக் வேகமாகக் கேட்கும் என்பது உண்மை. மருத்துவர் சொன்னாலும் ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாத மருந்து என்பதும் உண்மை.

அந்த ‘செட்’டில் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் இருக்கும். கூழ் செத்துப்போன பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. மாத்திரை ரத்தத்தின் வழியே அங்கே போய்ச் சேர வழியில்லை. சுற்றியுள்ள வீக்கம் கொஞ்சம் வடியும், மூல காரணம் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், உடனே பல் சிகிச்சை கிடைக்கும் இடத்தில், காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்றே சொல்கிறது. பரவும் வீக்கம் இருக்கும்போது அது தேவை. அப்போதும் பல்லைத் திறந்து சீழை வெளியேற்றுவதற்குத் துணையாகத்தான்.

கிராம்புத் தைலம் உண்மையாகவே மரத்துப்போக வைக்கும். ஒரு துளியைப் பஞ்சில் நனைத்துச் சொத்தைக் குழிக்குள் மட்டும் வையுங்கள். ஈறில் பட்டால் வேகும், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். எருக்கம்பால், சுண்ணாம்பு, பொடித்த ஆஸ்பிரின், பெட்ரோல் போன்றவற்றை வைத்து ஈறு வெந்து வருகிறவர்களுக்குப் பல்வலியோடு ஈறு வலியும் சேர்ந்துகொள்கிறது. புகையிலையை ஒதுக்குவதும் அந்த வகைதான். புகை போட்டுப் ‘பல் பூச்சி’ எடுப்பவர் காட்டும் புழு பல்லிலிருந்து வந்ததல்ல. சொத்தை என்பது சர்க்கரையைத் தின்னும் நுண்ணுயிரிகள் சுரக்கும் அமிலம் பல்லைக் கரைத்த குழி. புழுவுக்கு அங்கே வேலையில்லை.

தாமதப்படுத்தும் இரண்டு நம்பிக்கைகள்

‘மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும்.’ பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பிடுங்குவதால் பார்வை போகாது. மேல் கோரைப்பல்லில் சீழ் வைத்துக்கொண்டு பிடுங்காமல் விட்டால்தான் வீக்கம் கண் குழிக்கு ஏறும். பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது, திசைதான் மாறிப்போனது.

‘வீக்கம் வடியட்டும், அப்புறம் போகலாம்.’ வீக்கத்தோடுதான் போக வேண்டும். சீழ் கட்டிய இடத்தில் மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது என்பது மருத்துவர் சமாளிக்க வேண்டிய சங்கடம்; வேறு இடத்தில் ஊசி போட்டு மரக்க வைக்க வழி இருக்கிறது.

சிலருக்குக் கணக்கு வேறு

சர்க்கரை நோயாளிக்குப் பல் சீழ் வேகமாகப் பரவும், சீழ் இருக்கும்வரை சர்க்கரையும் இறங்காது. மற்றவர்களுக்கு ‘இரண்டு நாள்’ என்றால் இவர்களுக்கு ‘இன்றைக்கு’. கீமோ எடுப்பவர்கள், ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களும் அப்படியே. செயற்கை இதய வால்வு, எலும்பு தேய்மானத்துக்கான ஊசி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இருந்தால் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். ஆனால் அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

கர்ப்பிணிகள் பிரசவம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நாலு முதல் ஆறு மாதம் வசதியான காலம். அவசரம் என்றால் எந்த மாதமும் பார்க்கலாம். மரப்பு ஊசியும் தேவைப்பட்டால் பல் எக்ஸ்ரேயும் தடையல்ல.

குழந்தைக்கு முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே. ‘பால் பல்தானே, விழுந்துவிடும்’ என்று விடுவதில் இரண்டு சிக்கல். பால் பல்லின் சீழ், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லைக் கெடுக்கும். இன்னொன்று, ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே பல் வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். பெற்றோர் அதையும் பால் பல் என்று நினைத்துச் சொத்தையாக விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்குப் பாராசிட்டமால் எடைக் கணக்கில், கிலோவுக்கு 15 மி.கி. வரை, ஆறு மணி நேர இடைவெளியில். 15 கிலோ குழந்தைக்கு 225 மி.கி.; 5 மி.லி.-யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 4.5 மி.லி. பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும், அதனால் லேபிளைப் பாருங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

அடிபட்டு நிரந்தரப் பல் முழுதாக வெளியே வந்துவிட்டால் 30 நிமிடம்தான் கெடு. வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள், வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் இருந்தால் பாலில் அல்லது ஓடும் தண்ணீரில் பத்து விநாடி காட்டி, அதே குழியில் திரும்பச் செருகித் துணியைக் கடிக்கச் சொல்லிக் கூட்டிப்போங்கள். செருக முடியாவிட்டால் ஒரு டம்ளர் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துப்போங்கள். தாளில் மடித்துக் கொண்டுபோனால் வேரின் மேல் உள்ள செல்கள் காய்ந்து செத்துவிடும். பால் பல்லாக இருந்தால் செருக வேண்டாம்.

மருத்துவர் முன்னால்

எப்போது ஆரம்பித்தது, குளிரா சூடா கடிப்பதா, எத்தனை நிமிடம் நிற்கிறது, என்னென்ன மாத்திரை போட்டீர்கள், எதற்கு அலர்ஜி என்று இவ்வளவு சொன்னால் போதும். எக்ஸ்ரே எடுத்த பிறகு பெரும்பாலும் வரும் கேள்வி, வேர் சிகிச்சையா பிடுங்குவதா என்பது. வேர் சிகிச்சையில் முதல் நாளே கூழை எடுத்துவிடுவதால் கடும் வலி அன்றோடு தணியும்; இரண்டாம், மூன்றாம் அமர்வுக்குப் போகாமல் பாதியில் விடுவதுதான் ஆகப் பெரிய தப்பு. தற்காலிக அடைப்பு சில வாரங்களில் கசிந்து, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். கடைவாய்ப்பல்லுக்கு மேலே கேப் போடாவிட்டால் பல் பிளந்துவிடும் அபாயமும் உண்டு. செலவு தடையென்றால் அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவையோ, சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களையோ பாருங்கள். காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குவது நல்லது.

பல் பிடுங்கிய பிறகு பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்காதீர்கள், துப்பிக்கொண்டே இருக்காதீர்கள், ஸ்ட்ராவில் உறிஞ்சாதீர்கள், புகைக்காதீர்கள். குழியில் உறைந்த ரத்தக்கட்டிதான் எலும்புக்கு மூடி. அது பெயர்ந்தால் இரண்டு முதல் நாலு நாளுக்குள், குறைந்துவந்த வலி திரும்பக் கிளம்பிக் காது வரை இழுக்கும், வாய் நாறும். சீழ் இல்லாததால் இதற்கும் ஆன்டிபயாட்டிக் பயன்படாது. மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே அடங்கும், ஆகவே அதே இடத்துக்குத் திரும்பிப் போங்கள். புதுப் பஞ்சை வைத்து அரை மணி நேரம் அழுத்திக் கடித்தும் சிவப்பாக ரத்தம் வந்துகொண்டே இருந்தாலும் அப்படித்தான்.